சுவாமி விவேகானந்தரும் மடத்தின் உரிமைச் சாசனமும்

பெரியோர் வரலாறு கூறப் புகுவார் பெரும்பாலும் அவர்தம் சொல்வன்மையையும் தவவலிமையையுமே விரித்துரைப்பர். சுவாமி விவேகானந்தர் வரலாறும் அவ்வாறே வழங்கி வருகின்றது. சிகாகோ நகரத்துச் சமயப் பேரவையில் அவர் பேசியதும், குமரி முனையில் தனித்திருந்து சிந்தித்ததும் நம் இல்லத்துச் சிறுவரும் அறிந்தனவே. ஆயின், துறவியாகிய அவர் நிலமும் மனையும் பற்றிய சட்டத் துறையில் எத்துணை விழிப்போடு ஒழுகினார் என்பதை எடுத்துரைப்பார் மிகச் சிலரே. அப்பகுதி நம்போன்ற சங்கத்தார்க்குப் பெரிதும் பயன்படுவதாகலின், அதனையே முதன்மையாகக் கொண்டு அப்பெரியார் வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

விவேகானந்தர் என்று உலகம் வழங்கும் பெரியார்க்கு இயற்பெயர் நரேந்திரநாத தத்தர் என்பது. 1863-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள் கல்கத்தா நகரில் அவர் தோன்றினார். தந்தையார் விசுவநாத தத்தர் அந்நகரத்து ஐகோர்ட்டில் அட்டர்னியாக விளங்கியவர். தாயார் புவனேசுவரி அம்மையார். பாட்டனார் துர்க்காபிரசாதர் இளமையிலேயே மனைவாழ்வை நீத்துத் துறவு பூண்டவர். ஆகவே, சட்டக் கல்வியும் துறவும் ஆகிய இரண்டும் அக்குடியில் முன்னரே வேரூன்றியிருந்தன எனலாம். அவர் பிறந்த அவ்வாண்டிலேதான், இந்திய அரசாங்கத்தார் கோயில் மேற்பார்வையினின்றும் தாம் விலகிக்கொண்டு, அதனைத் தருமகர்த்தர்களிடமும் குழுக்களிடமும் ஒப்புவிக்கும் 20-ஆவது சட்டம் இயற்றப்பெற்றது. அதற்கு மூன்றாண்டு முற்பட, 1860-இல், சங்கங்களைப் பதிவு செய்தற்குரிய 21-ஆவது சட்டம் இயற்றப்பெற்றிருந்தது. இப்பின்னைய சட்டம் இவ்வரலாற்றின் இறுதியில் வந்து பொருந்துவதாகலின், அன்பர்கள் அதனை நினைவிற் கொள்வாராக.

நரேந்திரர் கல்லூரிக் கல்வி முற்றி 1884-இல் பி.ஏ. பட்டம் எய்தினார். அவ்வாண்டிலேயே தந்தையார் திடீரென உயிர் நீத்தார். வரவுக்கு மேற்பட்டுச் செலவிட்டு வாழ்ந்த குடும்பமாகலின், கடன்காரர் வாயிலில் வந்து நின்றனர். அஃதன்றியும், பரம்பரை வீட்டின் பங்கு குறித்து உறவினருள் ஒருவராகிய அம்மையார் வழக்குத் தொடுத்தார். நேற்றுவரை ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கியவர் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கும் நிலை உண்டாயிற்று. நரேந்திரர் தாமும் சட்டம் பயின்றுவந்தார். அட்டர்னி ஒருவர் அலுவலகத்தில் பழகியும் வந்தார். 1887-இல் ஐகோர்ட்டில் சாட்சிக் கூண்டேறித் தம் அன்னையார் பக்கத்து உண்மைகளை எடுத்துரைத்தார். தீர்ப்பு அன்னையார்க்குச் சார்பாகவே அமைந்தது. எனினும் பூசல் முற்றும் ஓயவில்லை. இன்னார்க்கு இவ்வளவு என்று தெளிவாக எழுதி வையாத சொத்து அன்புடையாரையும் பகைவராக்கும் என்னும் உண்மையை அவர் ஏட்டிலன்றித் தம் வீட்டிலேயே கண்டார்.

இதனிடையே, 1881-இல் அவர் தட்சிணேசுவரத்துப் பரமஹம்சராகிய இராமகிருஷ்ணரைக் கண்டு, நாளடைவில் அவர்க்கு ஆட்பட்டார். பரமஹம்சர் தொண்டைப் புண்ணால் வருந்தி, காசிப்பூர்த் தோட்ட வீட்டில் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் மறைந்தார். அவ்வீடு இல்லறத்து அடியார்கள் வாடகைக்கு அமர்த்தியது. ஆசிரியர் மறைந்தபின் அதனை விட்டொழிவதென அவர்கள் துணிந்தனர். அந்நிலையில் ஆசிரியரின் திருமேனிச் சாம்பலை எங்கு வைப்பது என்னும் வினா எழுந்தது. இல்லறத்து அடியாருள் மூத்தவராகிய இராமசந்திர தத்தர் தமக்குரிய காங்குடுகாச்சித் தோட்டத்தில் அதனை நிறுவ விரும்பினார். இளந்துறவியர்க்கோ அதனைத் தம்பாலே வைத்துப் போற்றவேண்டுமென்னும் வேட்கை மிகுந்திருந்தது. ஆனால் அவர்க்கு ஓர் அடி நிலமும் இல்லை. ஒதுங்க ஒரு குடிலும் இல்லை. அவர்களை ஒரு கூட்டமாக மதித்தற்குரிய பெயரும் இல்லை. நரேந்திரர் பூசல் வளராவண்ணம் தம் தோழரை அமைதிப்படுத்தினார். சாம்பலில் ஒரு பகுதி காங்குடுகாச்சி சென்றது. பெரும்பகுதியை இளந்துறவியர் தனியே ஒரு கலத்திற் பெய்து, பலராம போசர் என்னும் அன்பர் இல்லத்தில் மறைவாகக் காத்தனர்.

பின்னர், சுரேந்திரநாத மித்திரர் என்னும் அன்பர் மாதந்தோறும் பொருளுதவ, வராகநகரில் பாழடைந்த பழைய மாளிகை ஒன்றை வாடகைக்குப் பெற்று இளையோர் அனைவரும் ஒருங்கு வாழத் தொடங்கினர். இதுவே இராமகிருஷ்ண மடத்தின் தொடக்கம். சில ஆண்டு கழிந்து, 1892-இல், மடம் ஆலம்பசாருக்கு மாறிற்று. அங்கும் வாடகை வீடே. கொடுக்கும் கை தளர்ந்தால் அடுப்பு அவிந்துபோகும் நிலையிலேயே பல்லாண்டுகள் கழிந்தன.

நரேந்திரர் பரிவிராஜகராய் நாடெங்கும் நடந்து, 1892-ஆம் ஆண்டு இறுதியில் குமரியை அடைந்தார். அங்கிருந்து சென்னைக்கு வந்தார். பச்சையப்பன் பள்ளியின் ஆசிரியராகிய அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டினர். 1893-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சுவாமிகள் பம்பாயிற் கப்பலேறினார். ஆனால் சிகாகோவை அடைந்தபின்னரே ஓர் இடையூறு தெரியவந்தது. பேரவைக்கு வருவோர் எவரும் அறியப்பெற்ற சமய நிலையம் ஒன்றன் சான்றுச் சீட்டுக் கொண்டுவருதல் வேண்டுமாம். இலங்கையினின்றும் ஜப்பானினின்றும் வந்தோர்க்கும் பிரம சமாஜத்தார்க்கும் அத்தகைய சான்று இருந்தது. விவேகானந்தர்க்கோ கல்வி இருந்தது, அருள் இருந்தது, அனுப்பியோர் அன்பும் இருந்தது, சீட்டொன்றே இல்லை. ஹார்வர்டு பல்கலைக் கழகத்துக் கிரேக்க மொழிப் பேராசிரியராகிய ஜான் ஹென்றி ரைட் என்பவர் தாமே முன்வந்து பரிந்துரைக் கடிதம் எழுதியிராவிடின், செப்டம்பர் 11-ஆம் நாள் அவ்வவையில் அவர் குரல் எழுந்திராது.

இடையூறு அத்துடன் நீங்கிற்றில்லை. அவர் புகழ் பெருகப் பெருக, அவர் எவரையும் சார்ந்தவரல்லர் என்று கூறித் தூற்றுவாரும் பெருகினர். தாயகத்தில் மக்கள் கூடித் தம்மை ஏற்றுக்கொள்ளும் தீர்மானம் ஒன்று நிறைவேற்றி அனுப்பவேண்டுமெனச் சென்னை அன்பர்க்கு அவர் எழுதலாயினார். 1894-இல் சென்னையிலும், அவ்வாண்டு செப்டம்பரில் கல்கத்தா டௌன் ஹாலிலும் பொதுக்கூட்டங்கள் கூடித் தீர்மானங்கள் நிறைவேறின. தனி மனிதன் ஆயிரம் சொல்லினும் தளராத ஐயம், ஓர் அவையின் தீர்மானத்தால் தளர்ந்தது. கூட்டத்தின் வலிமை இத்தகையதென்பதை அவர் அந்நாட்டில் நன்குணர்ந்தார். அங்கே கோயிற் சபைகளும் பள்ளிகளும் மருத்துவச் சாலைகளும் ஆட்கள் மாறினும் தாம் மாறாது நின்று தொழில் புரிதலையும் கண்டார். நியூயார்க்கு நகரில் 1894-இல் அவர் தொடங்கிய வேதாந்த சங்கம் 1898-இல் அந்நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்றது.

1897-ஆம் ஆண்டு ஜனவரியில் சுவாமிகள் கொழும்பில் இறங்கி, பாம்பன், இராமநாதபுரம், மதுரை வழியாகப் பிப்ரவரியில் சென்னை சேர்ந்தார். அவ்வாண்டு மே முதல் நாள், பலராம போசர் இல்லத்தில் துறவியரையும் இல்லறத்தாரையும் கூட்டி இராமகிருஷ்ண மிஷன் என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தார். அப்பொழுது அவர்தம் உடன்மாணவராகிய யோகானந்தர், சபை கூட்டுதலும் தீர்மானம் செய்தலும் மேனாட்டு வழக்கமல்லவோ, நம் ஆசிரியர் இவற்றை விரும்பியதுண்டோ என்று ஐயுற்று வினவினார். அவ்வினா வெறுப்பாற் பிறந்ததன்று. பொருளும் பதவியும் வந்துழித் துறவு நிற்குமோ என்னும் அச்சத்தாற் பிறந்தது. இன்றும் அவ்வச்சம் பொருளற்றதென்று யாம் கூறோம். சுவாமிகள் அதனை எள்ளி நகையாடி விட்டுவிடாது, ஆசிரியர் அருள் ஒரு வட்டத்துள் அடங்குவதன்றென விரித்துரைத்தார். ஆனால் அவ்வச்சத்திற்கு அவர் தந்த முழு விடை சொல்லால் அன்று, செயலாலேயே அமைந்தது. அச்செயலே இனிக் கூறப்படுவது.

1898-ஆம் ஆண்டில், கங்கையின் மேல்கரையிலுள்ள பேலூரில், ஏறத்தாழ 22 பிகா நிலம் 39,000 ரூபாய்க்கு வாங்கப்பெற்றது. அப்பொருளை உதவியவர் ஹென்றியட்டா முல்லர் என்னும் ஆங்கில அம்மையார். சாரா புல் என்னும் அமெரிக்க அம்மையாரும் பெரும்பொருள் ஈந்தார். அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள் சுவாமிகள் ஆசிரியரின் திருச்சாம்பற் கலத்தைத் தம் வலத்தோளில் ஏந்திக் கொண்டு கங்கைக் கரை வழியே நடந்து, புது நிலத்தில் இறக்கி வழிபட்டார். வைக்க இடமின்றி ஒளித்துக் காத்த அக்கலம் பன்னிரண்டாண்டு கழித்துத் தனக்குரிய இடத்தை அடைந்தது.

இடம் அடைந்தது மெய்யே. ஆயின் அவ்விடம் யாருடையது? பத்திரம் விவேகானந்தர் பெயராலேயே இருந்தது. அவர் மறைந்தால் என்னாகும்? முன்னர் வீட்டு வழக்கில் நின்ற சுற்றத்தாரில் ஒருவர் உரிமை கோரி வரின் துறவியர் யாது செய்வர்? அவர் உயிரோடிருக்கும்போதே வேறொரு நிலையும் நேர்ந்தது. 1898-இல் கல்கத்தாவிற் கொள்ளைநோய் பரவியபோது, உதவிப் பணிக்குப் பொருளுக்கு எங்குச் செல்வது என்று ஒருவர் வினவ, வேண்டுமாயின் புதிதாக வாங்கிய மடத்து நிலத்தை விற்போம் என்று சுவாமிகள் தயங்காது கூறினார். அவர் அருளுள்ளத்திற்கு அஃது அடையாளம். எனினும், ஒருவர் நெஞ்சம் இரங்கிய பொழுதில் விற்கத்தக்கதாக இருக்கும் பொருள், வேறொருவர் நெஞ்சம் சுருங்கிய பொழுதிலும் விற்கத்தக்கதே அன்றோ? தனி ஒருவர் கையிலுள்ள அறப்பொருள் அவ்வொருவரின் குணத்தையே காவலாகக் கொண்டது. அவர் போனால் காவலும் போம்.

இவ்வையம் நெடுநாள் மறைந்திருக்கவில்லை. பாலி நகரசபையார் பேலூர் நிலத்தை மடமென்று ஏற்றுக்கொள்ளாது, நரேந்திரநாத தத்தர் என்னும் தனி மனிதரின் உல்லாசத் தோட்டம் எனக் கொண்டு வரி விதித்தனர். காவியுடுத்த துறவியர் வாழும் இடம், நாளும் வழிபாடு நிகழும் இடம், சட்டத்தின் கண்ணுக்குக் களியாட்டு மனையாகத் தோன்றிற்று. நகைத்தற்குரிய செய்தியாயினும் நகரசபையார் கூற்றில் ஒரு கூறு உண்மை இருந்தது. பத்திரத்தில் அவர்கள் கண்ட பெயர் ஒரு மனிதரின் பெயரே. வழக்கு நீதிமன்றம் ஏறி, 1901-இல் மடத்தாருக்கு வெற்றியாக முடிந்து, வரி நீங்கிற்று.

அவ்வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே சுவாமிகள் தாம் கருதியதை முடித்தார். இரண்டாம் முறை மேனாடு சென்று 1900-ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டவர், 1901-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், பேலூர் மடத்துச் சொத்து முழுவதையும் தம் உடன்மாணவராகிய துறவியர் பதினொருவரைத் தருமகர்த்தராகக் கொண்ட நிலையத்திற்கு எழுதிவைத்தார். பிப்ரவரியில் அச்சாசனம் பதிவாயிற்று. பிரமானந்தர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பதினொருவருள் விவேகானந்தர் பெயர் இல்லை. உலகெங்கும் சென்று பொருள் கொணர்ந்தவர் அவர். நிலம் வாங்கியவர் அவர். நெறி வகுத்தவர் அவர். ஆயினும் தமக்கென ஓர் ஓட்டுரிமையும் அதில் வைத்துக்கொண்டாரல்லர். அன்று முதல் அவர் அம்மடத்தில் ஒரு விருந்தினரை ஒத்தவரே. யோகானந்தர் முன்னர் எழுப்பிய ஐயத்திற்கு இதுவே விடை. அவ்விடையைக் காண யோகானந்தர் இல்லை. அவர் 1899-இலேயே மறைந்துவிட்டார்.

அன்பர்களுள் சிலர், மனிதரல்லாத ஒன்று சொத்துக்கு உரியதாதல் எங்ஙனம் என வினவக்கூடும். இது நமக்குப் புதிதன்று. கோயிலுக்கு நிலம் விட்டவர் அதனைக் குருக்களுக்கோ தருமகர்த்தருக்கோ விட்டதில்லை. சுவாமியின் பெயருக்கே விட்டனர். கல்வெட்டுக்களும் அங்ஙனமே கூறும். பிற்காலத்து நீதிமன்றங்களும், நிறுவப்பெற்ற தெய்வ மூர்த்தம் சட்டத்தில் ஓர் ஆளாக மதிக்கத்தக்கது, அது வழக்காடலாம், அதன்மேல் வழக்குத் தொடுக்கலாம் எனத் தீர்த்தன. 1925-இல் பிரிவி கௌன்சில் கல்கத்தா வழக்கு ஒன்றில் இதனைத் தெளிவுபடக் கூறிற்று. மடமும் அத்தகையதொரு நிலையமே. தலைவர் வருவர், போவர், மடம் நிற்கும். தருமகர்த்தர் கையில் பொருள் இருக்கும். ஆனால் அவர் மக்கட்கு அது தாயமாகாது. ஆளின் உயிரோடு பொருளின் பயன் முடியாதபடி செய்தற்குச் சட்டம் கண்ட வழி இது.

சாசனம் எழுதியபின் சுவாமிகள் ஓராண்டும் ஐந்து திங்களுமே வாழ்ந்தார். அக்காலத்தும் தாயார் நினைவு அவரை விட்டகலவில்லை. தாயாருக்காக மடத்து நிதியினின்றும் முன்னர்ப் பெற்ற தொகையை அவர் கடனென்றே கருதினார். தாமே நிறுவிய மடமாயினும் அதன் பொருளைத் தம் பொருளாக எண்ணினாரல்லர். பரம்பரை வீட்டுப் பூசல் அவர் மறைவுக்குச் சில நாட்களே முன்னர், 1902-இல் சமாதானமாக முடிந்தது. அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள், முப்பத்தொன்பது வயதில், பேலூரில் அவர் உடல் நீத்தார். பதினெட்டாண்டுகளாக ஒரு வீட்டின் உரிமை அவர் குடும்பத்தை அலைத்தது. அவர் நிறுவிய மடத்திலோ, அவர் மறைந்த மறுநாள் உரிமை பற்றி ஒரு வினாவும் எழவில்லை. பிரமானந்தர் முன்னரே தலைவர். சாசனம் முன்னரே பதிவு பெற்றது. தொண்டு இடையறாது நடந்தது.

மடத்தின் சாசனம் வழிபாட்டிற்கும் துறவியர் பயிற்சிக்கும் அமைந்தது. பஞ்ச நிவாரணம், மருத்துவம், கல்வி முதலிய பொதுத்தொண்டுகள் பெருகவே, அவற்றிற்கெனத் தனியே ஒரு நிலையம் வேண்டியதாயிற்று. ஆகவே 1909-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் இராமகிருஷ்ண மிஷன், முற்கூறிய 1860-ஆம் ஆண்டு 21-ஆவது சட்டத்தின்படி பதிவாயிற்று. மடத்துத் தருமகர்த்தரே மிஷனின் ஆட்சிக்குழுவினர். ஆயினும் நிலையங்கள் இரண்டு, கணக்குகளும் வேறுவேறு. அச்சட்டத்தில் நாம் கருதத்தக்க விதி ஒன்று உண்டு. சங்கம் கலைய நேர்ந்தால் கடன் போக எஞ்சிய பொருளை உறுப்பினர் தம்முள் பங்கிட்டுக்கொள்ளலாகாது. வேறொரு சங்கத்திற்கே கொடுத்தல் வேண்டும். அறத்திற்கென்று கொடுத்தது அறத்தினின்றும் மீளாது என்பதே இதன் கருத்து.

நம் சென்னையிலும் இவ்வுண்மை விளங்கிற்று. 1897-இல் விவேகானந்தர் அனுப்பிய இராமகிருஷ்ணானந்தர், கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எனப்படும் மாளிகையில் மடம் நடத்திவந்தார். அம்மாளிகை பிலிகிரி ஐயங்கார் என்னும் வக்கீலுக்கு உரியது. அவர் அன்பு மிக்கவர். ஆனால் 1902-இல் மறைந்தார். 1906-இல் மாளிகை ஏலத்தில் விற்பனையாயிற்று. இராமகிருஷ்ணானந்தர் அதனை விட்டொழிந்து இன்னலுற்று, 1907-இல் மயிலாப்பூரில் மடத்திற்கென்றே எழுந்த சிறு மனையிற் குடிபுகுந்தார். கொடுத்தவர் அன்பிற் குறைவில்லை; எழுத்திலேதான் குறைவு. அம்மனையில் தொடங்கிய மடம் இன்றும் மயிலாப்பூரில் விளங்குகின்றது. ஐஸ் ஹவுஸ் பின்னர் அரசாங்கத்தார் கைக்கு வந்து, 1963-இல் விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது.

சட்டத்தால் உருவான நிலையத்திற்குச் சட்டத்தால் வரும் தொல்லைகளும் உண்டென்பதை மறைத்தல் ஆகாது. வங்காளத்தில் தன் கல்லூரிகளின் ஆட்சி பற்றி எழுந்த பூசலில், மிஷன் தன்னைச் சிறுபான்மைச் சமயமாகக் கொள்ளவேண்டுமென வழக்காடிற்று. சுப்ரீம் கோர்ட்டு 1995-இல் அதனை மறுத்து, அஃது இந்து சமயத்தைச் சார்ந்த ஒரு பிரிவே எனத் தீர்த்தது. எல்லாச் சமயமும் ஒன்றென்ற பெரியாரின் பெயர் தாங்கிய நிலையம் இங்ஙனம் வழக்காடியது தகுமோ என்று அறிஞர் பலர் வருந்தினர். நிலையம் என்பது உடல், உயிர் வேறு. உடலைப் பேணும் முயற்சியில் உயிரை மறத்தல் கூடாது. ஆனால் உடலின்றி உயிர் இவ்வுலகில் தொழில் புரிதலும் இல்லை. இன்று இருநூற்றுக்கு மேற்பட்ட கிளைகளோடு அம்மடமும் மிஷனும் தொண்டாற்றுவது, 1901-இல் ஒருவர் தம் பெயரைத் தாமே நீக்கி எழுதிய சாசனத்தின் மேலேயாம்.

நம் ஊர்களில் அன்னசத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் மடமும் வைத்த முன்னோர் பலர். அவற்றுள் பல இன்று பெயரளவிலேயே உள்ளன. சில மக்கட்குப் பாகமாய் முடிந்தன. சில வழக்கிலேயே அழிந்தன. வைத்தோர் அன்பிற் குறைந்தவரல்லர். தம் கையாற் கொடுத்ததைத் தம் பெயரினின்றும் பிரித்தெழுத மறந்தனர், அவ்வளவே. நம் சங்கத்திற்கு மனையோ நிதியோ உதவக் கருதும் அன்பர்கள், கொடுக்கும் நாளிலேயே சாசனம் எழுதிப் பதிவு செய்து, கணக்கை ஆண்டுதோறும் அவையில் வைக்கச் செய்தல் வேண்டும். சங்கத்துப் பொறுப்பினரும் அப்பொருள் தம்மதன்று என்பதை நாளும் எண்ணுதல் வேண்டும். விவேகானந்தர் துறவில் அரியது காவியுடுத்ததன்று. தாம் ஈட்டிய நிலத்தின் பத்திரத்தில் தம் பெயர் இல்லாவண்ணம் செய்ததே என்பது எம் கருத்து.